அவ பார்க்குற மாதிரி பேசணும்

அடியே, எப்படி இருக்க? உன் லெட்டர் வந்து ரெண்டு வாரமாச்சு, இன்னிக்குத்தான் புள்ளைங்க ரெண்டும் சீக்கிரம் தூங்கிடுச்சுங்க, அதான் உக்காந்து எழுதுறேன். உன் முட்டிவலி எப்படி இருக்கு, டாக்டர்கிட்ட போனியா இல்லியா?

நான் கட்டிக்கிட்டவரோட பொண்ணும் என் பையனும் ஒட்டிக்கிட்டாங்களான்னு கேட்டிருந்தியே. ஒட்டிக்கிட்டாங்க, ஆனா நான் நெனச்ச வழில இல்ல. அவளுக்கு ஆறு வயசு, பொறந்ததுலேருந்தே காது கேக்காது, இவனுக்கு மூணரை. நான் கல்யாணத்துக்கு முன்னாடியே சைகை மொழி கிளாஸ் போனேன்ல, ஒரு நூறு வார்த்தை தெரிஞ்சா போதும்னு நெனச்சேன். அவகிட்ட கையால பேசுவேன், இந்தப் பக்கம் திரும்பி இவன்கிட்ட வாயால பேசுவேன். அது தப்புன்னு புரியவே மூணு மாசம் ஆச்சு.

ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது இவன் ஏதோ சொல்லி நாங்க மூணு பேரும் சிரிச்சோம். அவ எங்க மூஞ்சிய ஒவ்வொண்ணா பார்த்துட்டு அவளும் சிரிச்சா, எதுக்குன்னே தெரியாம சிரிச்சாடி. அப்புறம் அப்பா சட்டையப் புடிச்சு இழுத்து என்னன்னு கேட்டா, அவரு ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்னு கை காட்டிட்டாரு. எனக்கு அதுக்கப்புறம் சாப்பாடே எறங்கல. மத்த புள்ளைங்க பாதிப் பேச்சைக் கத்துக்குறதே பெரியவங்க பேசுறத ஒட்டுக் கேட்டுத்தானே, அவளுக்கு அதுவே இல்ல. புதுசா வீட்டுக்கு வந்த ரெண்டு பேரும் அவ அப்பாவும் வாய அசைச்சுக்கிட்டே இருந்தா அவ என்ன நெனப்பா சொல்லு.

அன்னிலேருந்து, அவ அந்த எடத்துல இருந்தா யார் யார்கிட்ட பேசினாலும் கையாலதான், நானும் அவரும் சண்டை போட்டாலும்கூட.

எங்களுக்குக் கத்துக்குடுக்குற மேடமுக்கும் காது கேக்காது. அவங்க சொன்ன மொத விஷயம், குழந்தையோட கண்ணு நம்ம பக்கம் வந்தப்புறம்தான் கைய எடுக்கணும், தோளத் தட்டலாம், லைட்ட ஒரு தடவ அணைச்சுப் போடலாம், ஆனா தாடையப் புடிச்சுத் திருப்பவே கூடாதுன்னு. ஜன்னலுக்கு முதுகு காட்டி நிக்கக்கூடாது, நம்ம மூஞ்சி இருட்டாத் தெரியும். மூஞ்சியும் இலக்கணம்தான்டி, ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்விக்குப் புருவத்தத் தூக்கணும், தூக்கலன்னா "சாப்பிட்டியா"ங்கிறது "சாப்பிட்ட"ன்னு ஆயிடும். இத நான் பழக எவ்வளவு நாள் ஆச்சு, சின்னவன் ஒரே நாள்ல புடிச்சுட்டான். அவனுக்கு விரல்தான் சரியா மடங்காது, ஒரு விரல் நீட்ட வேண்டிய எடத்துல அஞ்சும் விரிஞ்சு நிக்கும், அது கைமழலை, திருத்தாதீங்கன்னு மேடம் சொன்னாங்க, ஆனா பெரியவ விடல. அவன் முன்னாடி சம்மணம் போட்டு உக்காந்து ஒவ்வொரு விரலா மடக்கி விடுறா, நகம் வெட்டக்கூட என்கிட்ட கை குடுக்காதவன் அவகிட்ட அசையாம காட்டிக்கிட்டு இருக்கான்.

ஒரு டாக்டர், கைய ஆட்டிப் பழகினா பையனுக்கும் பேச்சு வராதுன்னு பயமுறுத்தினாரு. இவன் வாய் இன்னும் ஓயல. இது பழைய பயம்டி, 1880ல மிலான் நகரத்துல நடந்த மாநாட்டுல, காது கேக்காத புள்ளைங்களுக்கு வாய்ப்பேச்சுலயே பாடம் நடத்தணும்னு தீர்மானம் போட்டாங்க, அதுக்கப்புறம் நெறைய ஸ்கூல்ல சைகைக்குத் தடை, காது கேக்காத டீச்சருங்களுக்கு வேலையும் போச்சு. 2010ல வான்கூவர் மாநாட்டுலதான் அந்தத் தீர்மானத்த ஏத்துக்க முடியாதுன்னு சொல்லி வருத்தம் தெரிவிச்சாங்க. 130 வருஷம்! எத்தன புள்ளைங்க கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், நெனச்சாலே வயிறு எரியுது.

அவ அம்மா வீட்டுல தண்ணிக்கு அவங்களாவே உண்டாக்கின ஒரு சைகை இருக்கு, அத மாத்தச் சொல்லல, எங்க வீட்டுல ரெண்டுமே செல்லும். அம்மாங்கிற சைகையும் அவளப் பெத்த அம்மாவுக்குத்தான், அத நான் கேக்கவே இல்ல. ஒருத்தர் பேருக்குப் பதிலா காட்டுற சைகைப் பேரை காது கேக்காதவங்கதான் வச்சுக் குடுக்கணும், நாமளா வச்சுக்கக்கூடாது, அதனால காத்திருந்தேன். போன மாசம் எனக்கு வச்சா, ரெண்டு விரலால காதுக்குப் பின்னாடி முடிய ஒதுக்குற மாதிரி. நான் அப்படி ஒதுக்கிக்கிட்டே இருக்கேன்னு எனக்கே தெரியாதுடி.

உனக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லி உன் போட்டோவக் காட்டினேன், போட்டோ பார்த்து வைக்க முடியாது, நீ அசையுறதப் பார்க்கணுமாம். ஞாயித்துக்கெழம சாயங்காலம் வீடியோ கால் பண்ணு. ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்துடாத.