பூத்தளம் வேறு, பூக்கிண்ணம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழில், சிறுவர் அறிவியல் பக்கத்தில் வந்த பூவின் பாகங்கள் குறித்த கட்டுரையை, எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கும் பெங்களூருத் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொற்கள் தமிழில் காதில் விழும் இடங்கள் மிகக் குறைவு. ஆகவே அந்தக் கட்டுரையில் நேர்ந்துவிட்ட ஒரு குழப்பத்தைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. ‘ஹைப்பாந்தியம்’ என்பதற்கு நேராகக் கட்டுரையாளர் ‘பூத்தளம்’ என்று எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

பூத்தளம் என்பது பூக்காம்பின் நுனி. பூவின் உறுப்புகள் எல்லாம் அமர்ந்திருக்கும் மேடை. ஹைப்பாந்தியமோ, புல்லி இதழ்கள் (வெளிவட்டத்துப் பச்சை இதழ்கள்), அல்லி இதழ்கள் (உள்வட்டத்து வண்ண இதழ்கள்), மகரந்தத்தாள்கள் ஆகிய மூன்றின் அடிப்பாகங்களும் ஒன்றோடொன்று இணைந்து கிண்ணமாகவோ குழலாகவோ உருவாவது. கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கு ‘பூவுக்குக் கீழே இருப்பது’ என்று பொருள். மேடைமேல் வைத்த கிண்ணத்தையும் மேடை என்றே அழைத்தால் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்? ‘பூக்கிண்ணம்’ என்று சொன்னால் போதும் என்பது என் கருத்து.

சிட்டி மார்க்கெட்டில் உதிரியாக விற்கும் பன்னீர் ரோஜாவில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். காம்புக்கு மேலே, இதழ்களுக்குக் கீழே, பச்சைக் குமிழ் ஒன்று இருக்கும். அதை பிளேடால் நெடுக்காகப் பிளந்து பேத்தியிடம் காட்டினேன். உள்ளே வெள்ளை ரோமங்களுக்கு நடுவே சூலகங்கள் (பூவின் பெண் உறுப்புகள்) தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருந்தன. இதழ்களும் மகரந்தத்தாள்களும் குமிழின் வாய் விளிம்பிலிருந்து கிளம்பியிருந்தன. பழமாகிச் சிவப்பதும் அந்தக் குமிழின் சுவரே. விதை என்று நாம் நினைப்பவைதான் உண்மையான கனிகள். (ரோஜாக் கிண்ணத்தின் அடியில் பூத்தளத்திற்கும் சிறிது பங்குண்டு என்று கருதுவோர் உண்டு, சிறுவர் பக்கத்தில் அதுவரை போக வேண்டியதில்லை.)

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நான் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே பாடநூல்கள் ஆப்பிள், ஸ்ட்ராபெர்ரி, முந்திரி மூன்றையும் ஒரே வரியில் நிறுத்தி, பூத்தளம் பருத்து உண்டான பொய்க்கனிகள் (சூற்பையிலிருந்து அல்லாமல் பூவின் வேறு பகுதியிலிருந்து உருவாகும் பழங்கள்) என்று சொல்லிவருகின்றன. நானும் முப்பது ஆண்டுகள் அப்படியே கற்பித்தேன். ஸ்ட்ராபெர்ரிக்கு அது பொருந்தும். முந்திரிப் பழத்தில் பருப்பது பெரும்பாலும் காம்பு. ஆப்பிளிலோ நாம் கடித்துத் தின்னும் சதையில் பெரும்பகுதி பூக்கிண்ணம். விதைகளைத் தாங்கும் சூற்பை நடுவிலே, நாம் தூக்கி எறியும் பகுதியில் இருக்கிறது. இதற்குச் சான்று ஆப்பிளிலேயே உண்டு. அதைக் குறுக்காக வெட்டினால் நடுப்பகுதியைச் சுற்றிப் பத்துப் பச்சைப் புள்ளிகள் வட்டமாகத் தெரியும். ஐந்து புல்லி இதழ்களுக்கும் ஐந்து அல்லி இதழ்களுக்கும் சென்ற நரம்புக் கற்றைகளின் தடங்கள் அவை. வெறும் காம்பு நுனி பருத்ததுதான் அந்தச் சதை என்றால், பூவின் உறுப்புகளோடு இப்படிக் கணக்குப் பொருந்துவானேன்?

மாதுளை இன்னும் எளிது. பழத்தின் தலையில் உள்ள கிரீடத்தைப் பிரித்தால், உள்சுவரில் காய்ந்த மகரந்தத்தாள்கள் நூல்நூலாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கத்தரிக்காயையும் தக்காளியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே விளங்கும்: அவற்றில் புல்லி இதழ்கள் காம்புப் பக்கம் இருக்கின்றன, மாதுளையிலும் ஆப்பிளிலும் காம்புக்கு எதிர்ப்பக்கம், கிண்ணத்தின் விளிம்பில். (புல்லி எதிர்ப்பக்கம் இருந்தாலே பூக்கிண்ணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சப்பாத்திக்கள்ளிப் பழத்தின் தோலில் முள் கொத்துகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை தண்டில் முளைப்பவை; ஆகவே அங்கே சூற்பையை வெளியே போர்த்தியிருப்பது தண்டு.)

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கையெட்டும் உதாரணம் தைலமரம். நந்தி மலைப் பக்கம் திப்பு சுல்தான் காலத்தில், 1790-ஐ ஒட்டி, இந்தியாவில் முதலில் நடப்பட்டதாகச் சொல்லப்படும் மரம் அது. அதன் மொட்டு மூடிபோட்ட கிண்ணம். மூடி கழன்று விழுந்ததும், விளிம்பிலிருந்து மகரந்தத்தாள்கள் குஞ்சம்போல் விரிகின்றன. மரத்தடியில் பிள்ளைகள் பொறுக்கி விளையாடும் கட்டைபோன்ற காயின் வெளிச்சுவர் அந்தக் கிண்ணம்தான். யூகலிப்டஸ் என்ற பெயருக்கே ‘நன்றாக மூடப்பட்டது’ என்று பொருள்.

திருத்தம் வெளியிடும்போது படமும் சேர்க்க வேண்டுகிறேன். ரோஜாவை நெடுக்குவெட்டாகவும் ஆப்பிளைக் குறுக்குவெட்டாகவும் வரையச் சொல்லுங்கள். சென்ற வாரப் படத்தில் ரோஜா குறுக்காக வெட்டப்பட்டிருந்ததால் கிண்ணம் வெறும் வளையமாகத் தெரிந்தது, என் பேத்தி அதைத் தண்டு என்றே எண்ணிவிட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு.