மூங்கில் மேல் நின்ற சீடன்

ஆசிரியருக்கு வணக்கம்.

தன்னலமா பிறர்நலமா, இரண்டில் ஒன்றைத்தான் புத்தர் சொன்னார் என்பதுபோல் ஞாயிறு கட்டுரை இருந்தது, எனக்கு உடன்பாடில்லை. புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் ஒரு கழைக்கூத்தாடி கதை வருகிறது: சீடனை மூங்கிலில் ஏற்றித் தன் தோளுக்கு மேல் நிற்கவைத்த குரு, "நீ என்னைப் பார்த்துக்கொள், நான் உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார், சீடனோ, அது சரிப்படாது, அவரவர் தம்மைப் பார்த்துக்கொண்டால்தான் வித்தை காட்டிக் காசு வாங்கிப் பத்திரமாக இறங்கலாம் என்கிறான். சீடன் சொன்னதே முறை என்கிறார் புத்தர். ஆனால் அதோடு விடவில்லை, பொறுமையாலும் இன்னா செய்யாமையாலும் அன்பாலும் இரக்கத்தாலும் பிறரைக் காப்பவன் தன்னையும் காக்கிறான் என்கிறார்.

படுத்த படுக்கையான அம்மாவைச் சரியாகத் தூங்காமல் மூன்று மாதம் பார்த்த நான், ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தை நங்கென்று வைத்து அவரிடமே கத்திவிட்டேன். அப்புறம்தான் தங்கையும் நானும் இரவு முறை போட்டுக்கொண்டோம்.

- வாசகர், திருச்சி