காலநிலை நிதியைப் போய்ச் சேர்ந்த இடத்தில் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வொரு ஆண்டும் ஐ.நா. காலநிலை மாநாடு முடிந்த மறுநாள் செய்தித்தாளைப் பிரித்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு தொகைதான். ஏழை நாடுகள் காலநிலை மாற்றத்தைச் சமாளிக்கப் பணக்கார நாடுகள் தருவதாகச் சொல்லும் பணம் அது, அதைத்தான் காலநிலை நிதி என்கிறார்கள். 2009-ல் கோபன்ஹேகனில் அவர்கள் சொன்னது, 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர். 2024-ல் பாகுவில் சொன்னது, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். இது போதுமா போதாதா என்று பெரிய சண்டை நடக்கிறது, நடக்கட்டும், போதாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் அந்தப் பணம் என்ன உருவத்தில் போகிறது, யார் கை வழியாகப் போகிறது, கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்று அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை. எனக்கு ஆதங்கமே அதில்தான்.

கோபன்ஹேகன் வாக்குறுதி இரண்டு ஆண்டு தாமதமாக, 2022-ல் நிறைவேறிவிட்டதாக, பெரும்பாலும் பணக்கார நாடுகளைக் கொண்ட ஓ.இ.சி.டி. அமைப்பு அறிவித்தது. தொகை 11,590 கோடி டாலர். சரி, நல்லது என்று நினைத்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டினால், அதில் அரசுகளும் வளர்ச்சி வங்கிகளும் தந்த பணத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் கடன் என்று இருக்கிறது. திருப்பிக் கட்ட வேண்டிய பணம். கடல் மட்டம் உயர்வதற்குக் காரணமாக இருந்தவர், வீடு மூழ்கியவருக்குக் கடன் கொடுத்துவிட்டு அதை உதவி என்று எழுதிக்கொள்கிறார். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. காலநிலை நிதி என்றால் எது என்பதற்கு எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இன்றுவரை கிடையாது. அதனால்தான் 2023-ல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தோண்டிப் பார்த்தபோது, ஆசிய நகரங்களில் சாக்லேட் கடை திறக்க இத்தாலி கொடுத்த பணமும், வங்கதேசத்தில் நிலக்கரி மின்நிலையம் கட்ட ஜப்பான் கொடுத்த கடனும், ஹைத்தியில் கடற்கரை ஹோட்டலை விரிவாக்க அமெரிக்கா கொடுத்த கடனும், காலநிலை நிதி என்று நாடுகள் ஐ.நா.வுக்குக் காட்டிய கணக்கில் இருந்தன. படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்படிப்பட்ட கணக்கைக் காட்டித்தானே வாக்குறுதி நிறைவேறியது என்கிறார்கள்.

கடன் என்றாலே தப்பு என்று நான் சொல்லவில்லை. சூரிய மின்நிலையம் கட்டினால் மின்சாரம் விற்றுக் கடனை அடைக்கலாம், அதற்குக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கிடைத்தால் பெரிய விஷயம், ஏனென்றால் ஏழை நாடுகளில் அதே நிலையத்துக்குக் கடன் வாங்கப் போனால் பணக்கார நாடுகளைவிட மிக அதிக வட்டி கேட்கிறார்கள். ஆனால் புயல் பாதுகாப்பு மையம் எதை விற்றுக் கடனைக் கட்டும்? கடலோரக் கரைக்கு, வெள்ள எச்சரிக்கைக் கருவிக்கு, சதுப்புநிலக் காட்டுக்கு வருமானம் எங்கிருந்து வரும்? அவற்றால் வரும் லாபம் நடக்காமல் போன சாவுதான், அதை எந்த வங்கியிலும் கட்ட முடியாது. அதுபோக கடன் பெரும்பாலும் டாலர் போன்ற வெளிநாட்டு நாணயத்தில் இருக்கிறது, மக்கள் வரி கட்டுவது உள்ளூர் நாணயத்தில். நாணய மதிப்பு சரிந்தால் ஒரு புயல்கூட அடிக்காமலே கடன் வளர்ந்துவிடும். ஆகவே வருமானம் தரும் திட்டத்துக்குக் கடன், உயிர் காக்கும் திட்டத்துக்குத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத மானியம் என்று கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். எனக்கு இதில் இரண்டாவது யோசனையே இல்லை.

பாகிஸ்தானைப் பாருங்கள். 2022 வெள்ளத்தில் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், சேதமும் இழப்பும் சுமார் 3,000 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். 2023 ஜனவரியில் ஜெனீவாவில் நாடுகள் கூடி 900 கோடி டாலருக்கு மேல் தருவதாகக் கைதட்டலோடு அறிவித்தன. அப்புறம் அந்நாட்டு நிதியமைச்சரே சொன்னார், அதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் திட்டக் கடன் என்று. மொசாம்பிக் கதையும் இதுதான். 2019-ல் இடாய் புயல் அடித்து பெய்ரா நகரம் சிதைந்த சில வாரங்களில் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) கொடுத்தது சுமார் 11.8 கோடி டாலர். வட்டி இல்லைதான், ஆனாலும் கடன்.

அடுத்தது, பணம் போகும் வழி. ஏழை நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பன்னாட்டு அமைப்பான பசுமைக் காலநிலை நிதியத்தின் தலைமையகம் தென் கொரியாவின் சோங்டோவில் இருக்கிறது. ஒரு நாட்டு நிறுவனம் அங்கிருந்து நேரடியாகப் பணம் வாங்க வேண்டுமென்றால் முதலில் அங்கீகாரம் பெற வேண்டும், அதற்கே பலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகியிருக்கிறது. கணக்குத் தணிக்கை, பாதுகாப்பு விதி, பாலினக் கொள்கை என்று கட்டுக்கட்டாகக் காகிதம், அதற்கு மேல் ஒவ்வொரு நிதியத்துக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி அறிக்கை. ஒரு சின்னத் தீவு நாட்டில் இந்த வேலைக்கு இருப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய அலுவலர்கள், அவர்களே மாநாட்டுக்கும் போக வேண்டும், புயல் வந்தால் நிவாரணத்தையும் பார்க்க வேண்டும். அதனால் பணத்தின் பெரும்பகுதி பெரிய பன்னாட்டு அமைப்புகள் வழியாகத்தான் போகிறது. அவர்கள் நிர்வாகச் செலவு பிடித்து, ஆலோசகர் வைத்து, மூன்று நான்கு ஆண்டில் திட்டத்தை முடித்துப் பெட்டியைக் கட்டிவிடுகிறார்கள். அதற்கப்புறம் பம்பு பழுதானால் உதிரிபாகம் வாங்கக்கூட ஊரில் காசு இருக்காது. பராமரிப்புக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்காத எந்தத் திட்டத்துக்கும் ஒப்புதலே தரக்கூடாது என்பேன்.

"உள்ளூர்க்காரர் கையில் கொடுத்தால் தின்றுவிடுவார்கள்" என்று ஒரு பேச்சு உண்டு. ஊழல் இல்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை, இருக்கிறது. ஆனால் தூரத்தில் உட்கார்ந்து அனுப்பினால் ஊழல் நடக்காது என்பதற்கு என்ன ஆதாரம்? பணம் எவ்வளவு வந்தது, எதற்கு வந்தது என்று ஊருக்கே தெரிந்தால் கேள்வி கேட்க ஆள் இருக்கும். கென்யாவின் இசியோலோ மாவட்டத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். காலநிலை நிதியின் பெரும்பங்கை எதற்குச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் உரிமையை வார்டு அளவில் மக்கள் தேர்ந்தெடுத்த குழுக்களிடமே விட்டார்கள். அவர்கள் புதுமையாக எதையும் கேட்கவில்லை. நீர்க்குட்டையைத் தூர்வாரி வேலி போட்டார்கள், கோடைக்கென்று ஒதுக்கிய மேய்ச்சல் நிலத்தில் மழைக்காலத்தில் ஆடுமாடு இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பழைய பெரியவர்கள் சபையைத் திரும்ப வலுப்படுத்தினார்கள். கால்நடை வளர்ப்பவருக்குத்தான் தெரியும் எந்தக் குட்டை எந்த மாதம் வற்றும் என்று. அந்த முறை பிறகு கென்யாவின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

வங்கதேசத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1970-ல் போலா புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் செத்தார்கள். 2020-ல் ஆம்பன் புயல் வந்தபோது 20 லட்சத்துக்கும் மேற்பட்டோரை முன்கூட்டியே இடம் மாற்றிவிட்டார்கள், அந்நாட்டில் சாவு நூறைக்கூடத் தொடவில்லை. இடையில் நடந்தது என்ன? கடலோரக் கிராமங்களில் 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், அதில் பாதியளவு பெண்கள். கையில் ஒலிபெருக்கி, ஆபத்து கூடக்கூடக் கம்பத்தில் ஏறும் கொடிகளின் எண்ணிக்கையும் கூடும். புயல் மையம் மற்ற நாட்களில் பள்ளிக்கூடம். பல மையங்களில் மாடு ஏறிப்போக சாய்தளம் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் மாட்டை விட்டுவிட்டு வர அந்த மக்கள் சம்மதிக்க மாட்டார்கள். அந்தச் சாய்தளத்தைக் கேட்கும் யோசனை அந்த ஊரில் மாடு வைத்திருப்பவருக்குத்தான் வரும். இவ்வளவுக்கும் வெளிப்பணமும் வந்தது, உள்பணமும் போனது, ஆனால் ஐம்பது ஆண்டு விடாமல் போனது என்பதுதான் முக்கியம்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மாநாடு முடிந்து தலைப்பில் தொகையைப் போடும்போது, அதன் பக்கத்திலேயே இன்னும் மூன்று எண்களையும் போடுங்கள்: அதில் மானியம் எவ்வளவு, போன ஆண்டு சொன்னதில் உண்மையில் கைக்கு வந்தது எவ்வளவு, அதில் உள்ளூர் அமைப்புகளிடம் நேரடியாகப் போனது எவ்வளவு. எண் கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே அச்சிடுங்கள், கொட்டை எழுத்தில்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்