ஸ்காபரோவில் இருக்கும் அண்ணாவுக்கு

அண்ணா,

அடுத்த கிழமை அப்பாவின் ஆட்டைத்திவசம். ஐயரிடம் சொல்லியாயிற்று. இதைச் சொந்தக்காரரும் படிப்பார்கள், அதனால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு பில் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

செத்தவீட்டில் நான் கேட்டது உங்களுக்கு மறந்திருக்காது: "டயாலிசிஸுக்கு அள்ளி அனுப்பினீர்கள், குளிசைக்கு அனுப்பினீர்களா?" அத்தனை பேர் முன்னால் கேட்டதற்கு மன்னித்துவிடுங்கள். கேள்வியைத் திரும்ப எடுக்க மாட்டேன்; பிரஷர் கட்டுப்படாவிட்டால் சிறுநீரகம்தானே பழுதாகும்.

2022இல் கிளினிக்கில் பிரஷர் குளிசை இல்லை, வெளியே வாங்கச் சொல்லித் துண்டு கொடுத்தார்கள். ஒரு காலை அப்பா சாப்பாட்டு மேசையில் பத்திரிகையை விரித்து, லோசார்டனைச் சவர பிளேடால் இரண்டாக வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு பாதி நொறுங்கிவிட்டது. விரலை நாக்கில் தொட்டு, அந்தத் தூளை ஒற்றி விழுங்கினார். "அவனுக்குச் சொல்லாதை, அவனுக்கும் வீட்டுக் கடன் இருக்கு" என்றார். அவர் சொன்னதால்தான் சொல்லவில்லை. பழியை அப்பாவின் தலையில் போடுகிறேன் என்பீர்கள். இருக்கட்டும். நீங்களும் ஞாயிறுதோறும் வீடியோவில் சாப்பாடு கேட்டீர்களே தவிர, பிரஷர் எவ்வளவு என்று கேட்கவில்லையே.

நீங்கள் கணக்காளர், கணக்காகவே சொல்கிறேன். ஏழை, கீழ் நடுத்தர வருமான நாடுகள் பிரஷர் போன்ற நாட்பட்ட நோய்களைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் ஒரு டொலர் போட்டால், 2030க்குள் குறைந்தது ஏழு டொலராகத் திரும்பும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது. இது தெரியாத அரசாங்கம் உண்டா? ஆனால் டயாலிசிஸ் மெஷினுக்கு ரிப்பன் வெட்டலாம், மாதாமாதம் கொடுக்கிற குளிசைக்கு யார் வெட்டுவது? இங்கே இலங்கையில் 2017இல் இனிப்புப் பானங்களுக்குச் சீனி வரி போட்டார்கள், கிராமுக்கு 50 சதம். அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள். நம் வீட்டுத் திறைசேரியும் அப்படித்தான் நடந்தது.

கடைசி நாட்களில் நீங்கள் வந்து, விடிய விடிய அப்பாவின் காலைப் பிடித்துவிட்டதை நான் யாரிடமும் குறைத்துச் சொன்னதில்லை. அந்த லீவைக் கொஞ்சம் முன்னால் எடுத்திருக்கலாம்.

சரி. திவசத்துக்கு ஹோல் எடுக்கவில்லை. வெள்ளவத்தை வீட்டிலேயே, நெருங்கின ஆட்களோடு மட்டும். ஹோலுக்கு என்று நீங்கள் அனுப்பிய காசில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி, அங்கே வருகிற மாமியின் பெட்டியில் வைத்திருக்கிறேன். கனடாவில் இதைவிட மலிவு என்பீர்கள். தெரியும், ஆனால் நீங்கள் வாங்க மாட்டீர்கள். பார்த்துவிட்டு எனக்கு மட்டும் அனுப்புங்கள், குடும்ப வட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

தங்கச்சி