பைண்ட் செய்த அறிக்கைகள் எங்கே போகின்றன?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாக இறுதியாண்டு ப்ராஜெக்ட் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, எக்ஸ்டர்னலாக (வெளித்தேர்வாளராக) வந்து போகிறவன் நான். சிவில் துறை. சாம்பல் கலந்த கான்கிரீட் என்று தலைப்பைப் பார்த்தாலே என் கண் தேதிகளைத் தேடும். ஒரு கல்லூரியில் சோதனைக்கான கான்கிரீட் க்யூப் (கனசதுரக் கட்டி) வார்த்தது மார்ச் 12 என்று எழுதியிருந்தது. அறிக்கை பைண்டிங்குக்குப் போனது மார்ச் 30. உள்ளே 28 நாள் வலிமைக்கான, அதாவது வார்த்து 28 நாள் கழித்துச் சோதிக்கும் வலிமைக்கான அட்டவணை, இரண்டு தசம இடம் வரை சுத்தமாக இருந்தது. "பதினெட்டு நாளில் இருபத்தெட்டு நாள் எப்படிப்பா ஆச்சு?" என்று கேட்டேன். நான்கு பையன்களும் கைடைப் பார்த்தார்கள். கைடு மின்விசிறியைப் பார்த்தார்.

பையன்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நான்கு மாதத்தில் தலைப்புத் தேடி, பொருள் வாங்கி, சோதித்து, எழுதி முடி என்றால், காசு கொடுத்து ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கிவருவதுதான் நடக்கும். போன வருடத்து மாணவர்கள் எந்த இடத்தில் விட்டார்கள் என்று இவர்களுக்குத் தெரியாது. அந்த அறிக்கை உங்கள் பீரோவில் இருக்கிறது. பீரோ நிறைந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது.

விட்ட இடத்திலிருந்து தொடர்வது எப்படி என்று சென்னைக் கடற்கரையைப் பாருங்கள். 1988 முதல் அங்கே மாணவர்கள் நடத்தும் கடலாமைப் பாதுகாப்புக் குழு ஒன்று இருக்கிறது. பங்குனி ஆமை முட்டையிடும் மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். படிப்பை முடித்தவர்கள் போய்விடுவார்கள், புதியவர்கள் அதே மணலில் நடப்பார்கள். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள் அதிகம், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள். அந்த விகிதம் மாறிவருகிறதா என்று ஒரு பருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் சொல்லிவிட முடியாது. (எம்.எஸ்சி. விலங்கியல் நண்பர்களே, ஒரு தெர்மாமீட்டர் போதும்.)

பொறியியலிலும் இதே கதைதான். 2009 ஏப்ரலில் விண்ணுக்குப் போன அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் செயற்கைக்கோள் 40 கிலோ எடை. ஒரு செமஸ்டரில் முடிகிற வேலையா அது?

சரி, எல்லோரும் செயற்கைக்கோள் செய்ய வேண்டாம். உங்கள் வளாகத்தில் ஒரு கிணறு இருக்கும். வாரம் ஒருமுறை கயிற்றில் எடையைக் கட்டி இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சென்னையில் 2015 டிசம்பரில் வெள்ளம், 2019 கோடையில் குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்த நான்கு ஆண்டும் இங்கே ஒரு கல்லூரிக் கிணற்றைத் தொடர்ந்து அளந்திருந்தால், அந்த நோட்டுப் புத்தகம் நான் பார்த்த நூறு கான்கிரீட் அறிக்கைகளைவிட மதிப்பானதாக இருந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு துறையிலும் ஒரு தலைப்பையாவது ஐந்தாறு ஆண்டுகளுக்கு மாற்றாமல் வையுங்கள். மூல அளவுகள் எழுதிய நோட்டை அறிக்கையோடு சேர்த்துக் கட்டுங்கள், அடித்தல் திருத்தலோடு இருந்தாலும் பரவாயில்லை. எதிர்பார்த்த விடை வரவில்லை என்று நேர்மையாக எழுதுகிறவனுக்கு மார்க்கைக் குறைக்காதீர்கள். அப்புறம், ஜீரோத் ரிவ்யூவுக்கு (தலைப்பை முடிவுசெய்யும் முதல் கூட்டத்துக்கு) முன்னால் போன ஆண்டு அறிக்கையைப் பீரோவிலிருந்து எடுத்து இந்த ஆண்டு மாணவர்கள் கையில் கொடுங்கள். வைவாவில் என் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும்.

இப்படிக்கு,
உங்கள் எக்ஸ்டர்னல்களில் ஒருவன்