எடுக்கப் போகிறவன் எதற்கு ஈயம் வைக்க வேண்டும்?

திண்டுக்கல்
ஞாயிறு இரவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முட்டி வலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே என் வீட்டுக்காரிக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது நான் மூலையில் ஒளித்து வைத்திருக்கும் பழைய போர்டுகள் எல்லாம் அவள் கண்ணில் துல்லியமாகப் படுகின்றன. அதுதான் புதுப் பிரச்சினை.

உன் கடைசிப் பத்திப் புலம்பலை மூன்று தடவை படித்துச் சிரித்தேன். கோபித்துக்கொள்ளாதே. செட்டாப் பாக்ஸ் போர்டில் கடுகளவு கெபாசிட்டரை (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) எடுக்கப் போய், அது உட்கார்ந்திருந்த செப்புப் பேடையும், அதாவது போர்டில் ஒட்டியிருக்கும் செப்புத் திட்டையும் சேர்த்துப் பெயர்த்துவிட்டாயாமே! நானும் பெயர்த்திருக்கிறேன், ஒன்றல்ல, நாலைந்து. நீ செய்தது என்ன என்று பார்க்காமலே சொல்கிறேன். ஒரு முனையில் சால்டரிங் அயர்னை வைத்தாய், அங்கே பற்றவைத்திருந்த ஈயம் உருகியது. மறுமுனைக்குப் போனாய், அதற்குள் முதல் முனை இறுகிவிட்டது. இப்படி நாலு தடவை அங்கும் இங்கும் அலைந்துவிட்டு, பொறுமை போய் ட்வீசரால் நெம்பினாய். சரிதானே? பேடைப் போர்டோடு பிடித்து வைத்திருப்பது ஒரு பசை. சூடு ஏற ஏற அது தளர்ந்துகொண்டே வரும். அந்த நேரத்தில் நெம்பினால் ஈயத்துக்கு முன்னால் பேட்தான் கையோடு வரும்.

நாம் பாலிடெக்னிக்கில் படித்தபோது இந்த வம்பே கிடையாது. பாகங்களுக்கெல்லாம் நீளமான கால் இருந்தது. போர்டின் பின்பக்கம் சூடு காட்டி, உருகிய ஈயத்தை உறிஞ்சும் சக்கரால் ஒரு இழுப்பு, முன்பக்கம் பாகம் விழுந்துவிடும். இப்போது உள்ளவை போர்டின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 0805 என்று சொல்கிற அளவு நீளத்தில் 2 மில்லிமீட்டர், அகலத்தில் ஒன்றேகால். 0603 என்றால் 1.6க்கு 0.8. நம் வெள்ளெழுத்துக் கண்ணுக்கு அது பாகமா அழுக்கா என்றே தெரியாது. நான் செல்போன் கேமராவில் பெரிதாக்கித்தான் பார்க்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன மாதம் வீட்டு வைஃபை ரூட்டர் செத்துப்போனது. அடாப்டரைத் தனியாக அளந்தால் 12 வோல்ட் நன்றாக வருகிறது. ரூட்டரில் சொருகினால் படுத்துவிடுகிறது. மல்ட்டிமீட்டரை வைத்தேன், பவர் வருகிற இடத்திலேயே பீப் என்று கத்தியது. ஷார்ட், மின்சாரம் குறுக்கு வழியில் ஓடுகிறது. அந்த லைனில் மூன்று பீங்கான் கெபாசிட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில். எது போனது? ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரி ஒன்றை அந்த லைனில் கொடுத்துவிட்டு, மூன்றின் மேலும் ஸ்பிரிட்டை லேசாகத் தடவினேன். ஷார்ட் ஆனதுதான் சூடாகும், நடுவில் இருந்தது மட்டும் சட்டென்று உலர்ந்தது. குற்றவாளி அதுதான்.

என்னிடம் இருப்பது 25 வாட் அயர்ன், ஒரு சக்கர், ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பேஸ்ட் கொஞ்சம், தங்கச்சிக் கல்யாணத்தில் வாங்கிய புருவ ட்வீசர். மொபைல் கடைக்காரர்கள் வைத்திருக்கும், சூடான காற்று ஊதும் ஹாட் ஏர் மெஷின் கிடையாது. ஆனாலும் கெபாசிட்டர் பத்து வினாடியில் வந்துவிட்டது. செய்தது இவ்வளவுதான்: இரண்டு முனையிலும் புது ஈயத்தை ஏராளமாக வைத்தேன், பாகமே முங்கிப்போகும் அளவுக்கு. ஈயம் ஒரே உருண்டையாகச் சேர்ந்துகொண்டது. அயர்னை அந்த உருண்டையின் மேல் படுக்க வைத்தேன். இரண்டு முனையும் ஒரே நேரத்தில் உருகி, கெபாசிட்டர் குழம்பில் மிதக்கும் வடகம் மாதிரி மிதந்தது. நுனியால் ஓரமாகத் தள்ளினேன். நெம்பவே இல்லை.

எடுக்கப் போகிறவன் எதற்கு ஈயம் வைக்க வேண்டும் என்று நீ கேட்பாய். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்து, இருப்பதைத் துடைத்து எடுப்பதிலேயே குறியாக இருந்தேன். அதுதான் தப்பு. தட்டையான அயர்ன் நுனிக்கும் காய்ந்த ஈயத்துக்கும் நடுவில் தொடுகிற இடம் ஊசி முனை அளவுதான். அதன் வழியாகச் சூடு போகாது. புது ஈயம் ஈரம் மாதிரி பரவி, சூட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் வீட்டு ஈயச்சொம்பு நினைவிருக்கிறதா? அம்மா ரசத்தை இறக்கி வைத்துவிட்டு, காலிச் சொம்பை நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதே என்று நம்மைத் திட்டுவார்களே. அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகிவிடும். காரீயம் உருக 327 டிகிரி வேண்டும். ஆனால் 63 பங்கு வெள்ளீயத்தோடு 37 பங்கு காரீயம் சேர்த்தால் 183 டிகிரியிலேயே உருகுகிறது, இரண்டையும்விடக் கீழே! நாம் கடையில் 'லெட்' என்று கேட்டு வாங்கும் கம்பி ஏறக்குறைய இந்தக் கலவைதான். இன்றைய போர்டுகள் பெரும்பாலானவற்றில் காரீயம் இல்லை. 2006இல் ஐரோப்பாவில் தடை வந்த பிறகு உலகமே ஏறக்குறைய மாறிக்கொண்டது. அந்தப் புதுக் கலவை உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் ஏழை அயர்ன் திணறிவிடுகிறது. அதன் மேல் பழைய லெட்டை வைத்தால் இரண்டும் கலந்து உருகுநிலை இறங்குகிறது. பிஸ்மத் என்ற உலோகம் கலந்த கம்பி கிடைத்தால் 138 டிகிரிதான். எடுப்பதற்கு அது அற்புதம். ஆனால் வேலை முடிந்ததும் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும், அதன் மேலேயே புதுப் பாகத்தை வைத்தால் ஒட்டு பலவீனமாக இருக்கும்.

உருண்டையைத் துடைக்க விற்கிற செப்புப் பின்னல் விலை கொஞ்சம் அதிகம். பழைய மின்வயரின் மெல்லிய செப்பு இழைகளை முறுக்கி, பேஸ்டில் தோய்த்து வைத்தால் அதுவும் ஈயத்தைக் குடிக்கும். கேபிள் டிவி வயரின் பின்னலை எடுத்து ஒரு மாலை முழுதும் போராடினேன். ஒரு சொட்டு ஏறவில்லை. அப்புறம்தான் சுரண்டிப் பார்த்தேன், அலுமினியம்! பேஸ்ட் என்றதும் பிளம்பர் உபயோகிக்கும் ஆசிட் பேஸ்டை வாங்கிவிடாதே, போர்டை அரித்துவிடும்.

பூமி (கிரவுண்ட்) லைனில் உட்கார்ந்திருக்கும் முனைதான் எப்போதும் சண்டித்தனம் செய்யும். அடியில் அகலமான செப்புப் பரப்பு, கொடுக்கிற சூட்டையெல்லாம் விழுங்கிவிடும். அங்கே மகளின் ஹேர் டிரையரால் போர்டை முதலில் வெதுவெதுப்பாக்கிக்கொள்கிறேன். மகளுக்குத் தெரியாது.

எட்டுக் கால் ஐசி (சிப்) என்றால் வேறு விஷயம். அது செத்த ஐசி என்று உறுதியானால் காப்பாற்ற நினைக்காதே. கூரான கட்டரால் கால்களை வெட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகத் துடைத்து எடு. உயிரோடு வேண்டுமென்றால் தடித்த செப்புக் கம்பியை இரண்டு வரிசைக் காலையும் தொடும்படி வளைத்து வைத்து, எல்லாவற்றையும் ஈயத்தால் மூழ்கடி.

உன் அயர்ன் நுனியை அரம் போட்டுத் தேய்த்ததாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் பதறிவிட்டேன். ஒர்க்ஷாப்பில் நாம் தேய்த்தது வெறும் செப்பு நுனி. இப்போது பெரும்பாலானவற்றில் மேலே இரும்புப் பூச்சு இருக்கிறது. அது போனால் உள்ளே இருக்கும் செப்பை ஈயம் கரைத்துத் தின்றுவிடும். ஈரப் பஞ்சில் துடைத்தால் போதும்.

உன் செட்டாப் பாக்ஸ் இன்னும் பிழைக்கும். பெயர்ந்த பேடுக்குப் போகும் செப்புத் தடத்தைக் கண்டுபிடித்து, மேலிருக்கும் பச்சைப் பூச்சை பிளேடால் சுரண்டு. செப்பு பளபளப்பது தெரிந்ததும், ஒரே ஒரு செப்பு இழையால் அங்கிருந்து பாகத்துக்கு இணைப்புக் கொடு. அசிங்கமாக இருக்கும், ஓடும். அடாப்டரைத் திறக்கிற உத்தேசம் இருந்தால் மட்டும் ஜாக்கிரதை, பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கலாம். கையைக் கழுவாமல் முறுக்கும் தின்னாதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ரூட்டர் இப்போது ஓடுகிறது, எடுத்த இடத்துக்கு மாற்று வைக்காமலே. அதே லைனில் இரண்டு மிச்சம் இருப்பதால் சமாளிக்கிறது. இருந்தாலும் மனம் கேட்கவில்லை. இந்தப் பீங்கான் துண்டுகளின் மேல் ஒரு எழுத்தும் இருக்காதே, எத்தனை வோல்ட் தாங்கும் என்று எப்படிச் சொல்வது? அதனால் 12 வோல்ட் லைனில் வேலை செய்த ஒன்றுதான் வேண்டும். உன் பரணில் பழைய ரூட்டர் போர்டு ஏதாவது கிடந்தால் தூக்கிப் போடாதே. பொங்கலுக்கு ஓசூர் வருகிறேன், நானே எடுத்துக்கொள்கிறேன். அயர்னையும் கொண்டுவருகிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் ஹாஸ்டல் அறைத் தோழன்