ஏழைக் குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணத்தில், தவணை முறையில் வீட்டுக் குடிநீர் இணைப்பு வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்
பாளையங்கால்வாயை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.

பெறுநர்
உயர்திரு ஆணையாளர் அவர்கள்,
திருநெல்வேலி மாநகராட்சி,
திருநெல்வேலி.

பொருள்: வீட்டுக் குடிநீர் இணைப்புக்கான முன்பணத்தைத் தவணைகளாகப் பெறவும், பட்டா இல்லாதோரிடமும் வாடகைக்கு இருப்போரிடமும் மாற்று இருப்பிடச் சான்றுகளை ஏற்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆணையாளர் அவர்களுக்கு, வணக்கம்.

மேலப்பாளையத்தில் பாளையங்கால்வாயை ஒட்டிய சந்துகளில் பீடித் தொழிலாளர்கள், கட்டட வேலைக்குச் செல்வோர், தள்ளுவண்டி வியாபாரிகள், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோரின் குடும்பங்கள் வாழ்ந்துவருகின்றன. 1994-இல் மேலப்பாளையம் மாநகராட்சியோடு இணைவதற்கு முன்பிருந்தே இங்கு இருக்கும் குடும்பங்களும் எங்களில் உண்டு. எங்களில் பலரது வீடுகளுக்கு இன்றுவரை சொந்தக் குழாய் இணைப்பு இல்லை. தெருக்குழாயையும், அக்கம்பக்கத்தார் மனமுவந்து தரும் தண்ணீரையும் நம்பியே நாட்களைக் கடத்துகிறோம்.

பொதிகை மலையில் பிறந்து ஆண்டு முழுவதும் ஓடும் தாமிரபரணி நம் ஊர் வழியாகவே போகிறது. அதன் படுகையில் அமைந்த உறைகிணறுகளிலிருந்து எடுக்கப்படும் நீரே இம்மாநகரின் தாகத்தைத் தீர்க்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து ஊர்களுக்கும் இந்த ஆற்று நீர் குழாய்வழி சென்று சேர்கிறது. எங்கள் பெரிய தெருவிலும் குடிநீர்க் குழாய் பதிக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து சந்துக்குள் வர வேண்டிய சில அடி தூரம்தான் மிச்சம். குடிநீர்ப் பணியாளர்கள் மீது குறை கூறும் எண்ணம் எங்களுக்குத் துளியும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் ஆறு கரைபுரண்டு குடிநீர் விநியோகம் நிலைகுலைந்தபோது, அதை மீட்க அவர்கள் பட்ட பாட்டை நாங்கள் அறிவோம்.

தண்ணீர் சுமப்பதால் எங்கள் வீடுகளில் என்ன இழப்பு ஏற்படுகிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். பீடி இலையை நனைத்து, பதம் வந்ததும் வெட்டி, ஈரம் காயும் முன்னே சுற்றி முடிக்க வேண்டும். மடியில் முறத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண், தெருவில் "தண்ணி வந்துட்டு" என்ற குரல் கேட்டதும் முறத்தை இறக்கி வைத்துவிட்டுக் குடங்களோடு ஓடுகிறார். வரிசையில் நின்று திரும்புவதற்குள் வெட்டிய இலை காய்ந்து ஓரம் ஒடிந்துபோகிறது. அதை மீண்டும் நனைக்க வேண்டும், அல்லது கழித்துவிட வேண்டும். அவருக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் கிடைக்கிறது. குழாயடியில் நின்ற நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. தாய்க்கு முடியாத நாட்களில் மகள் குடம் எடுக்கிறாள், பள்ளிக்குத் தாமதமாகிறது.

மத்திய பொது சுகாதாரப் பொறியியல் அமைப்பின் கையேடு, பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் வீட்டு இணைப்பு பெற்றோருக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரும், தெருக்குழாயை நம்பியோருக்கு 40 லிட்டரும் என்று அளவு வகுத்திருக்கிறது. அந்த 40 லிட்டரைக் கொண்டு பார்த்தாலும், ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 200 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் குடத்தில் அது நாள்தோறும் 13 குடத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவையும் இடுப்பில் வைத்தே கொண்டுவர வேண்டும். சுமக்க முடியாதோர் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள். 20 லிட்டர் கேன் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 1,000 லிட்டருக்கு 1,500 ரூபாய் ஆகிறது. நகரத்திலேயே வருமானம் குறைந்த வீட்டார் தண்ணீருக்கு அதிக விலை கொடுக்கும் இந்த நிலை எங்களுக்கு மிகுந்த வேதனை அளிக்கிறது.

மாதாந்திரக் குடிநீர்க் கட்டணத்தைச் செலுத்த நாங்கள் தயங்கவில்லை. கேனுக்கும் ஆட்டோவில் ஏற்றி வரும் தண்ணீருக்கும் இன்று கொடுப்பதைக் காட்டிலும் அது குறைவாகவே இருக்கும். எங்களை மலைக்க வைப்பது தொடக்கத்தில் ஒரே நேரத்தில் கட்ட வேண்டிய தொகை. இணைப்புக்கான வைப்புத்தொகை, சாலையைத் தோண்டிச் சீரமைப்பதற்கான கட்டணம், குழாய் மற்றும் உபகரணங்களின் விலை, பிளம்பர் கூலி ஆகிய அனைத்தும் ஒன்றாகச் சேரும்போது, வாரக் கூலியில் வாழும் குடும்பம் அதைக் கந்துவட்டிக்கு வாங்கித்தான் கட்ட முடியும். கந்துவட்டி இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களைச் சீரழித்திருக்கிறது என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. தண்ணீருக்காக அந்த வாசலில் போய் நிற்க எங்களால் இயலாது.

அடுத்த தடை ஆவணங்கள். இணைப்புக்கு விண்ணப்பிக்கச் சொத்து வரி ரசீது வேண்டும். புறம்போக்கில் உள்ள வீட்டுக்கு அது கிடைப்பதில்லை. வாடகைக்கு இருப்பவர் உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திருக்கிறார். குழாய் வந்தால் வாடகைக்காரர் வீட்டைக் காலி செய்யமாட்டார் என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் நம் மாநிலத்தில் குடிசைகளுக்கு மின் இணைப்பு வழங்கப்பட்டிருக்கிறது. வெளிச்சம் கொடுத்ததால் நிலம் யாருக்கும் உரிமையாகிவிடவில்லை. அதுபோலவே, "இந்தக் குடிநீர் இணைப்பு நில உரிமைக்கு ஆதாரமாகாது" என்று உறுதிமொழி எழுதித் தர நாங்கள் அனைவரும் சம்மதிக்கிறோம். பெங்களூரு குடிநீர் வாரியம் நிலப் பத்திரத்துக்குப் பதிலாகக் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை போன்றவற்றை இருப்பிடச் சான்றாக ஏற்று, கட்டணத்தையும் குறைத்துக் குடிசைப் பகுதிகளுக்கு இணைப்பு வழங்கியிருக்கிறது.

தவணை முறையும் புதிதன்று. சென்னைக் குடிநீர் வாரியம் 2022-இல் தொடங்கிய திட்டத்தில் இணைப்புக் கட்டணத்தைத் தவணைகளில் செலுத்த வழிசெய்தது. கம்போடியத் தலைநகர் புனோம் பென்னில், வறிய வீடுகளுக்கு அவரவர் நிலைக்கேற்ப இணைப்புக் கட்டணத்தில் 30 விழுக்காடு முதல் முழுத்தொகை வரை சலுகை அளித்து, மீதியை மாதத் தவணைகளாகப் பெற்றார்கள். 1993-இல் அந்நகரில் கசிவாலும் திருட்டு இணைப்புகளாலும் கட்டணக் கணக்கில் வராமல் போன தண்ணீர், மொத்த விநியோகத்தில் 72 விழுக்காடாக இருந்தது. பின்னாளில் அது 6 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. பழுதான குழாய்களை மாற்றியதும் எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்றாலும், ஏழை வீடுகளும் கட்டணம் செலுத்தும் பயனாளர்களாக ஆனதற்கும் அதில் பங்கு உண்டு. தெருக்குழாய்த் தண்ணீருக்கு மாநகராட்சிக்கு வருவாய் கிடையாது. எங்கள் வீட்டு இணைப்புகள் வழியே அது கிடைக்கும். எல்லா நகரங்களிலும் எல்லா வீடுகளுக்கும் குழாய் இணைப்பு என்பதே 2021 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய அம்ருத் 2.0 என்ற நகர்ப்புறக் குடிநீர்த் திட்டத்தின் குறிக்கோள் என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

ஆகவே, குடும்ப அட்டையும் இருப்பிடச் சான்று ஒன்றும் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு வைப்புத்தொகையைக் குறைத்து, மீதியை மாதாந்திரக் குடிநீர்க் கட்டணத்தோடு சேர்த்துக் குறைந்தது 24 தவணைகளில் பெற்றுக்கொள்ள ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். ஒரு சந்துக்கு ஒரே முறை தோண்டி எல்லா வீடுகளுக்கும் ஒருசேரக் குழாய் பதித்தால், சாலைச் சீரமைப்புச் செலவு பல மடங்கு குறையும். கால்வாயை மிகவும் ஒட்டியிருந்து தனி இணைப்பு தர விதி இடங்கொடாத வீடுகளுக்கு, அரசு மாற்றிடம் வழங்கும் நாள் வரை ஐந்தாறு வீடுகளுக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டு இணைப்பு தரலாம். இப்பணி முடியும்வரை, இப்போதுள்ள தெருக்குழாய் எதையும் அகற்றாமல் இருக்க வேண்டுகிறோம். இதில் மட்டும் சற்று அழுத்தமாகவே கேட்டுக்கொள்கிறோம்.

பீடித் தொழிலாளிப் பெண்கள் பகல் வேலையை விட்டு அலுவலகம் வந்தால் அன்றைய கூலி போய்விடும். ஆதலால் எங்கள் பகுதியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறப்பு முகாம் நடத்தி, விண்ணப்பங்களை அங்கேயே பெற்று, ஒப்புகைச் சீட்டு வழங்குமாறும், அதற்கு முன் உதவிப் பொறியாளர் ஒருவரை அனுப்பி எங்கள் சந்துகளை நேரில் பார்வையிடச் செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம். அளவெடுக்க வருவோருக்கு வீடு வீடாகக் காட்டித்தர எங்கள் இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாளையங்கால்வாயை ஒட்டிய தெருக்களில் குடியிருப்போர்

இடம்: மேலப்பாளையம்

இணைப்பு: குடும்பத் தலைவிகளின் கையொப்பப் பட்டியல், குடும்ப அட்டை நகல்கள், சந்துகளின் கைவரைபடம்.